காய்கறியும் மூலிகையும்: எவருக்கு எது பத்தியம்?

நீண்டகால நோய் ஒன்று இல்லத்திற்குள் வந்துவிட்டால் அறிவுரைகளும் உடன் வந்து சேர்கின்றன. நீரிழிவு உடையவருக்குப் பாகற்காய்ச் சாறே போதும் என்பார் ஒருவர். சிறுநீரகம் தளர்ந்தவரிடம், கீரையும் இளநீரும் நாள்தோறும் தவறக்கூடாது என்பார் மற்றொருவர். சொல்பவர்கள் அன்பினால்தான் சொல்கின்றனர். ஆயினும் இவ்வறிவுரைகளுள் சில, கேட்பவரின் உயிருக்கே ஊறு விளைவிக்கக் கூடியவை. தாவரத்திலிருந்து வந்தது எவரையும் வருத்தாது என்னும் நம்பிக்கையே இதற்குக் காரணம்.

நம் முன்னோர் அவ்வாறு கருதவில்லை. சரக சம்ஹிதையின் சூத்திர ஸ்தானம், உடலின் வழிகளுக்குக் கேடு செய்யாததையும் மனத்திற்கு உகந்ததையும் பத்தியம் என்று கூறுகிறது. எப்பொருளும் எக்காலத்தும் பத்தியமாகவோ அபத்தியமாகவோ இருப்பதில்லை என்றும், அளவு, காலம், பக்குவம், நிலம், உடல், தோஷம் ஆகியவற்றிற்கேற்ப அது மாறும் என்றும் விளக்குகிறது. இவற்றுள் உடல், பக்குவம், அளவு ஆகிய மூன்றையும் இன்றைய மருத்துவ அறிவோடு பொருத்திப் பார்ப்பது பெரும்பயன் தரும்.

உடல்

நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் பல்லாண்டுகள் கட்டுக்குள் இல்லாதபோது சிறுநீரகங்கள் மெல்ல மெல்லத் தளர்கின்றன. உணவிலுள்ள பொட்டாசியம் என்னும் தாதுவில் மிகுதியானதை வெளியேற்றுவது சிறுநீரகத்தின் பணி. இரத்தத்தில் இதன் அளவு லிட்டருக்கு ஏறத்தாழ 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருத்தல் வேண்டும். தளர்ந்த சிறுநீரகத்தால் வெளியேற்ற இயலாமல் அது தேங்குமாயின், இதயத் துடிப்பின் ஒழுங்கு குலையும். சில வேளைகளில் முன்னறிகுறி ஏதுமின்றித் துடிப்பு நின்றும் விடலாம்.

கீரை வகைகள், உருளைக்கிழங்கு, சர்க்கரைவள்ளிக்கிழங்கு, தக்காளி, வாழைப்பழம், இளநீர், உலர்ந்த பழங்கள் ஆகியவற்றில் பொட்டாசியம் மிகுதி. நலமுள்ளவருக்கு இவை ஊட்டம் தருபவை. பொட்டாசியம் உயர்ந்துள்ளவருக்கு இவை சுமை. அவருக்குச் சுரைக்காய், பீர்க்கங்காய், வெள்ளரிக்காய், முட்டைக்கோஸ் போன்றவை பொதுவாக ஏற்றவை. சோடியம் குறைந்தது என விற்கப்படும் உப்பு வகைகளில் பொட்டாசியம் குளோரைடு சேர்ந்திருப்பதால், அவற்றை அவர் மருத்துவரைக் கேளாமல் வாங்கலாகாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சிறுநீரக நோயாளிகள் அனைவருக்கும் பொட்டாசியம் உயர்ந்திருப்பதில்லை. பரிசோதனை செய்யாமலே அஞ்சிக் காய்கறிகளையும் கீரைகளையும் முற்றிலும் விலக்குபவர், நார்ச்சத்தையும் உயிர்ச்சத்துக்களையும் இழந்து மெலிகிறார். எதை விலக்குவது என்பதை இரத்தப் பரிசோதனையே முடிவு செய்ய வேண்டும். அண்டை வீட்டாரின் அனுபவம் அன்று.

பக்குவம்

ஒரே காய், சமைக்கும் முறையால் மாறுபடுகிறது. பொட்டாசியம் நீரில் கரையும் இயல்புடையது. எனவே உருளைக்கிழங்கு போன்றவற்றைத் தோல் நீக்கி, சிறு துண்டுகளாக நறுக்கி, மிகுந்த நீரில் வேகவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டால் பொட்டாசியத்தின் ஒரு பகுதி நீங்கும். ஆவியில் வேகவைத்தால் இப்பயன் கிட்டாது. வடித்த நீரைச் சாம்பாரிலோ சூப்பிலோ சேர்த்தால் செய்த முயற்சி வீணாகும். பிறருக்கு நாம் கூறும் ‘வடித்த நீரைக் கொட்டாதீர்கள்’ என்னும் நல்லுரை, இவருக்குத் தலைகீழாகிறது.

அளவு

காயை உண்பது வேறு. அதன் சாற்றைப் பிழிந்து குவளை நிறையப் பருகுவது வேறு. கேரளத்தில் இலும்பன்புளி என வழங்கும் பிலிம்பிக்காய், குழம்பில் புளிப்புக்காகச் சிறிதளவு சேர்க்கப்படுவது. கொழுப்பைக் குறைக்கும் என்று நம்பி அதன் சாற்றை அருந்திச் சிறுநீரகம் செயலிழந்த பத்து நோயாளிகளைப் பற்றி, அம்மாநில மருத்துவர்கள் 2013-இல் ஆய்விதழில் எழுதினர். எழுவருக்கு இரத்தச் சுத்திகரிப்பு தேவைப்பட்டது. காயிலுள்ள ஆக்ஸலேட் சிறுநீரகத்தில் படிந்ததே காரணம். அதன் உறவினமான நட்சத்திரப் பழம், சிறுநீரக நோயாளிகளுக்கு விக்கல், மனக்குழப்பம், வலிப்பு ஆகியவற்றை உண்டாக்கும். ஆதலின் அவர்கள் அதனை அறவே தவிர்த்தல் வேண்டும்.

சுரைக்காய் மென்மையானது. ஆயினும் கசக்கும் சுரைக்காயில் நச்சுப்பொருள் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வல்லுநர் குழு, சாறு பிழியுமுன் ஒரு சிறு துண்டைச் சுவைத்துப் பார்க்கவும், கசந்தால் எறிந்துவிடவும் அறிவுறுத்தியது. பாகற்காய்ச் சாறோ, இன்சுலினோடும் மாத்திரையோடும் சேரும்போது சர்க்கரையை அளவுக்கு மீறித் தாழ்த்தி, வியர்வையும் நடுக்கமும் மயக்கமும் தரக்கூடும்.

மூலிகையும் மருத்துவரும்

1993-இல் பெல்ஜிய மருத்துவர்கள் ஒரு செய்தியை வெளியிட்டனர். உடல் மெலிவதற்காக மூலிகை மாத்திரை உண்ட இளம்பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் விரைந்து கெட்டிருந்தது. அரிஸ்டோலோகியா இனச் செடியிலுள்ள அமிலமே அதற்குக் காரணம் எனப் பின்னர் தெளிவாயிற்று. அது புற்றுநோயையும் விளைவிக்கும். நம் நாட்டு ஈசுவரமூலியும் ஆடுதின்னாப்பாளையும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே.

இதனால் ஆயுர்வேதத்தையும் சித்த மருத்துவத்தையும் ஒதுக்க வேண்டும் என்பது பொருளன்று. முறையாகப் பயின்று பதிவு பெற்ற வைத்தியரிடம் செல்லுதல், இரு மருத்துவர்களிடமும் எதையும் மறைக்காது கூறுதல், பொருளடக்கம் குறிக்கப்படாத சூரணத்தையும் பற்பத்தையும் ஏற்காதிருத்தல், ஓடிக்கொண்டிருக்கும் மருந்தைத் தாமே நிறுத்தாதிருத்தல் ஆகிய நான்கும் இன்றியமையாதவை. மருத்துவர் கடிந்துகொள்வாரோ என்று வீட்டு வைத்தியத்தை மறைப்பவர், அவர் எழுதித்தரும் மருந்தின் அளவையே தவறாக்குகிறார்.

தளர்ந்த சிறுநீரகத்தில் எஞ்சியிருக்கும் ஆற்றல் விலைமதிப்பற்றது. ஒருமுறை இழந்தால் பெரும்பாலும் மீளாது. அதனைக் காப்பதற்கு ஆசையை அடக்குவது மட்டும் போதாது; அவசர நம்பிக்கையையும் அடக்க வேண்டும். ‘இது நல்லதா?’ என்று கேட்பதை விடுத்து, ‘இந்த உடலுக்கு, இந்நிலையில், இந்த அளவில் இது நல்லதா?’ என்று கேட்கப் பழகுதலே பத்தியத்தின் தொடக்கமாகும்.