மருத்துவ மாணவர் விளக்கும்போது: புரிந்ததைத் திருப்பிச் சொல்லுங்கள்

பலதுறை மருந்தகத்திலோ மருத்துவமனையிலோ மருத்துவரின் அருகில் ஓர் இளையர் அமர்ந்திருப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். அவர் மருத்துவ மாணவராக இருக்கலாம். சிங்கப்பூரில் மூன்று மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. அவற்றில் மாணவர்கள் நோய்களைப் பற்றிப் படிக்கிறார்கள். படித்ததை எளிய சொற்களில் விளக்கவும் அவர்கள் பழக வேண்டும். அந்தப் பயிற்சிக்கு நீங்கள் உதவலாம். அதனால் உங்களுக்கும் நன்மை உண்டு.

ஒரே சொல், இரண்டு பொருள்

"உங்கள் இரத்த அழுத்தம் கட்டுப்பாட்டில் இருக்கிறது" என்று மாணவர் சொல்கிறார். நோய் குணமாகிவிட்டது என்று நினைத்து நீங்கள் மாத்திரையை நிறுத்திவிடலாம். ஆனால் மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுவதால் இரத்த அழுத்தம் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பதே அவர் சொல்ல வந்தது. மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் மீண்டும் உயரலாம். உடலில் எந்த அறிகுறியும் தெரியாமலேயே பக்கவாதம் வரும் அபாயம் கூடலாம்.

"அப்படியென்றால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?" என்று அங்கேயே கேட்டிருந்தால், தவறு அப்போதே திருத்தப்பட்டிருக்கும்.

குழப்பம் தரக்கூடிய வேறு சில சொற்கள்

• நெகட்டிவ்: இது கெட்ட செய்தி அல்ல. பெரும்பாலும், தேடிய நோய் பரிசோதனையில் தென்படவில்லை என்று பொருள்.
• எச்பிஏ1சி: கடந்த 2 முதல் 3 மாதங்களில் உங்கள் இரத்தச் சர்க்கரையின் சராசரி அளவைக் காட்டும் பரிசோதனை. முதல் நாள் மட்டும் இனிப்பைத் தவிர்த்தால் முடிவு மாறாது.
• ஒரு நாளுக்கு 2 முறை: காலையில் ஒரு முறை, இரவில் ஒரு முறை. காலையில் மறந்ததற்காக இரவில் இரண்டு மடங்கு சாப்பிட வேண்டாம்.

நீங்கள் செய்யக்கூடியவை

1. "நான் புரிந்துகொண்டது இதுதான், சரியா?" என்று தொடங்கி, கேட்டதை உங்கள் சொந்தச் சொற்களில் சொல்லுங்கள்.
2. புரியாத சொல்லை எழுதித் தரச் சொல்லுங்கள். தமிழில் விளக்கம் வேண்டுமென்றால் தயங்காமல் கேளுங்கள். குடும்பத்தாரையும் உடன் அழைத்து வரலாம்.
3. நாட்டு மருந்து உட்பட, நீங்கள் சாப்பிடும் எல்லா மருந்துகளையும் பையில் எடுத்துச் சென்று காட்டுங்கள்.
4. மாத்திரையை நிறுத்தவோ அளவை மாற்றவோ நினைத்தால், முதலில் மருத்துவரிடம் பேசுங்கள்.

மாணவர் உடன் இருப்பது உங்களுக்கு வசதியாக இல்லையென்றால், மருத்துவரிடம் சொல்லலாம். அதனால் உங்கள் சிகிச்சை பாதிக்கப்படாது.

திருப்பிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நம்மில் பலர் எண்ணி, புரியாமலேயே தலையாட்டிவிட்டு வருகிறோம். நீங்கள் தலையாட்டினால், புரியும்படி சொல்லிவிட்டதாகவே மாணவர் நினைத்துக்கொள்வார். நீங்கள் கேட்கும் ஒரு கேள்வி உங்கள் உடல்நலத்தைப் பாதுகாக்கும். நாளை அவரிடம் வரும் மற்ற மூத்தோருக்கும் அது உதவும்.