வலிக்கட்டும் என்று காத்திருக்காதே

அன்பு மகளுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். பரீட்சை முடிந்து வீட்டில் இருக்கிறாய் என்று உன் அம்மா சொன்னாள். அன்றைக்குப் போனில் நீ ஒன்று கேட்டாய். "வீடு தேடி வந்து பிரஷர் பார்க்கிறாங்க பெரியம்மா, அப்பா கையை நீட்டவே மாட்டேங்கிறாரு. எனக்கு ஒண்ணும் இல்லேன்னு அனுப்பிடறாரு. ஒண்ணும் இல்லாதவங்க எதுக்குப் பார்க்கணும்?" இதற்குப் போனில் அவசரமாகப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்த காலம் முழுக்க நான் அதிகம் கேட்ட பேச்சு இதுதான்: எனக்கு ஒண்ணும் இல்லே.

நம் குப்பத்தில் நோய் என்றால் தொழிலுக்குப் போக முடியாமல் படுப்பது. காய்ச்சல் வந்தால் நோய். முதுகு பிடித்தால் நோய். ராத்திரியெல்லாம் வலை இழுத்துவிட்டு விடியற்காலையில் மணலில் படகைத் தள்ளி ஏற்றுகிறவருக்கு நோய் இருக்கும் என்று யார் நம்புவார்கள்? ஆனால் ரத்தக் கொதிப்பு வலிக்காது. ஆரம்பத்துச் சர்க்கரை வலிக்காது. வாய்க்குள் வரும் வெள்ளைப் படையும் வலிக்காது. வலிக்கிற அளவுக்கு வந்துவிட்டால் சிறுநீரகத்திலோ, கண்ணிலோ, மூளையிலோ, இதயத்திலோ சேதம் நடந்து முடிந்திருக்கும். அதனால்தான் ஒன்றும் இல்லாதவர்களாகத் தெரிகிறவர்களையும் பார்க்கச் சொல்கிறோம்.

தமிழ்நாட்டில் 2020இல் எடுத்த ஒரு கணக்கெடுப்பு பெரியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ரத்தக் கொதிப்பு இருப்பதாகச் சொன்னது. என்னை உலுக்கியது அடுத்து வந்த எண். கொதிப்பு உள்ளவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேர்தான். மற்றவர்களில் பலருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களில் பலர் மாத்திரையைப் பாதியில் விட்டவர்கள். 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியதற்கு இந்த நிலைமைதான் காரணம். 2024இல் அந்தத் திட்டத்துக்கு ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் கிடைத்தது. உங்கள் வீட்டு வாசலில் கருவியோடு வந்து நின்ற அந்தத் தன்னார்வலர் அக்கா அதன் வழியாக வருகிறவர்தான்.

ஆனால் அவர் வருகிற நேரத்தையும் பார். காலை பத்து, பதினொரு மணி. அப்பா கடலிலிருந்து வந்து அப்போதுதான் கண்ணயர்ந்திருப்பார். அம்மா மீன் கூடையோடு பழவேற்காட்டுக்கோ பொன்னேரிக்கோ போயிருப்பாள். கதவைத் தட்டி எழுப்பினால் எந்த மனிதர்தான் கையை நீட்டுவார்? இதை அவருடைய பிடிவாதம் என்று மட்டும் எண்ணாதே, நம் தொழிலின் நேரம் அப்படி. நம் ஆட்கள் கரையில் இருக்கிற நேரம் பார்த்து நாம்தான் போக வேண்டும். காசிமேட்டு விசைப்படகுக்குப் போகும் உன் சித்தப்பாவுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் இருக்கிறது. வலை பின்னுவதற்கும் படகுக்குப் பெயின்ட் அடிப்பதற்கும் ஒதுக்குகிற நாட்களில் அரை நாளை உடம்புக்கு எடுத்து வைக்கச் சொல். அப்பாவின் ஃபைபர் படகுக்கும் கடல் கொந்தளிக்கிற நாட்கள் வரத்தானே செய்கின்றன? அன்றைக்குப் பாலத்தைத் தாண்டினால் பழவேற்காடு ஆரம்ப சுகாதார நிலையம்.

பிரஷர் பார்ப்பதை நீ கவனித்துப் பழகிக்கொள். மூச்சு வாங்க நடந்து வந்த உடனே பட்டையைச் சுற்றினால் எண் ஏறித்தான் காட்டும். டீ குடித்து, பீடி இழுத்து, புகையிலை மென்று அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். முதுகு சாய்ந்து, கால்களைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். கை மார்பு உயரத்துக்கு ஒரு மேஜை மேல் இருக்க வேண்டும். பட்டை சட்டைக்கு மேல் சுற்றப்படக் கூடாது. ஒரு நிமிடம் விட்டு இரண்டாம் முறையும் பார்க்கச் சொல். 140க்கு 90 அல்லது அதற்கு மேல் வந்தால் பதற வேண்டாம், விட்டுவிடவும் வேண்டாம். இன்னொரு நாள் மறுபடி பார்த்து, அப்போதும் அப்படியே இருந்தால் டாக்டர் முடிவு செய்வார். எண்ணை ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வை. "நார்மல்னு சொன்னாங்க" என்பது போதாது. எவ்வளவு என்று அப்பாவுக்கே தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது உப்பு. மீன் நல்லது, அதில் எனக்கு இரண்டாம் பேச்சே இல்லை. மடவையும் இறாலும் நண்டும் சாப்பிட்டு வளர்ந்த ஊர் நம்முடையது. கெடுப்பது கருவாட்டில் ஏறுகிற உப்பு, ஊறுகாய் உப்பு, பழைய சோற்றில் கண்ணளவாக அள்ளிப் போடுகிற உப்பு. உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் போதும் என்கிறது. அதாவது ஒரு சிறிய டீஸ்பூன், எல்லாக் குழம்பும் பொரியலும் சேர்த்து. கருவாட்டை விட்டுவிடு என்று உன் ஆயாவிடம் சொன்னால் நடக்காது, நானும் சொல்ல மாட்டேன். இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி ஊற வைத்துக் கழுவட்டும். அந்தக் குழம்புக்குத் தனியாக உப்புப் போட வேண்டாம். தினம் என்பது வாரத்தில் ஒரு நாளாகட்டும்.

இது நம் ஊருக்கு மட்டும் வந்த தொல்லையும் இல்லை. ஜப்பானின் வடக்கே அகிதா என்று ஒரு பகுதி. உப்பிட்ட மீன், உப்பில் ஊறிய காய்கறி, மிசோ சூப். அந்தக் காலத்தில் அங்கே ஒருவர் ஒரு நாளில் 20 கிராமுக்கு மேல் உப்புச் சாப்பிட்டார், பக்கவாதம் ஊர் ஊராக ஆட்களைச் சாய்த்தது. அங்கே இகாவா என்ற ஊரில் 1963 முதல் வருடா வருடம் எல்லாருக்கும் பிரஷர் பார்த்தார்கள். ஏறியிருந்தவர்களை வைத்தியத்துக்கு அனுப்பினார்கள், உப்பைக் குறைக்க வீட்டுப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். பல வருடம் விடாமல் செய்ததில், அவ்வளவாக எதுவும் செய்யாத பக்கத்து ஊரைவிட இகாவாவின் ஆண்களிடம் பக்கவாதம் நன்றாகவே குறைந்தது. பெரிய ஆஸ்பத்திரி கட்டி வந்த பலன் இல்லை அது. ஒரு பட்டையும், ஒரு நோட்டும், விடாத பழக்கமும்.

சர்க்கரைக்கு வருகிறேன். அடிக்கடி தாகம், ராத்திரியில் நாலு முறை எழுந்து போவது, காரணமில்லாமல் இளைப்பது, ஆறாத புண் என்று அறிகுறிகள் சொல்வார்கள். ஆனால் பலருக்கு வருடக்கணக்கில் இவற்றில் ஒன்றுகூட இருக்காது. சென்னையில் டாக்டர் வி. மோகனும் அவர் குழுவினரும் 2005இல் ஒரு எளிய கணக்கு வெளியிட்டார்கள். தையல் டேப் ஒன்று போதும். நீயே போட்டுப் பார்க்கலாம். வயது 35க்குக் கீழே என்றால் 0, 35 முதல் 49 வரை 20, ஐம்பதும் அதற்கு மேலும் 30. இடுப்புச் சுற்றளவு பெண்ணுக்கு 80 சென்டிமீட்டருக்குக் கீழே 0, 80 முதல் 89 வரை 10, தொண்ணூறைத் தொட்டால் 20. ஆணுக்கு இதே கணக்கு 90இலும் 100இலும். கடின உழைப்பும் முறையான உடற்பயிற்சியும் இரண்டும் இருந்தால் 0, ஏதாவது ஒன்று இருந்தால் 20, இரண்டும் இல்லாவிட்டால் 30. தாய், தகப்பனில் ஒருவருக்குச் சர்க்கரை என்றால் 10, இருவருக்கும் என்றால் 20. கூட்டினால் 60 அல்லது அதற்கு மேல் வந்தவர் கட்டாயம் ரத்தம் பரிசோதிக்க வேண்டும்.

உன் அம்மாவுக்குப் போட்டுப் பார்ப்போமா? வயது 42, அதற்கு 20. இடுப்பு 86 என்று வை, அதற்கு 10. கூடை சுமக்கிறாள், தனியாக உடற்பயிற்சி இல்லை, அதற்கு 20. எங்கள் அம்மாவுக்கு, அதாவது உன் ஆயாவுக்குச் சர்க்கரை, அதற்கு 10. மொத்தம் 60. நாள் முழுக்க உழைக்கிற பெண்ணுக்கு இது வருகிறது பார். வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தில் 126, அல்லது குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 200 தொட்டால் சர்க்கரை நோய் என்று கணக்கு. அதையும் ஒரே முறை பார்த்து முடிவு கட்டாமல் மறுபடி பார்த்து உறுதி செய்வார்கள். அதற்குக் கீழே, எல்லைக்கோட்டில் இருந்தால் உணவிலும் நடையிலும் திருத்திக்கொள்ள இன்னும் வழி இருக்கிறது. அந்த வழி முன்கூட்டியே கண்டுபிடிக்கிறவர்களுக்குத்தான் கிடைக்கும்.

சர்க்கரை இருக்கிற வீட்டில் பாதத்தைப் பார்க்க வேண்டும். பழவேற்காடு ஏரிக்குள் இறங்கி இறால் தடவுகிறவர்களும் மணலில் வெறுங்காலோடு நடக்கிறவர்களும் நிறைந்த ஊர் இது. சர்க்கரை முற்றினால் பாதத்தில் உணர்ச்சி மங்கும். சிப்பி கிழித்ததும் திருக்கை முள் குத்தியதும் தெரியாது. ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் ஆயாவின் உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் நீ பார். அவருக்கே குனிந்து பார்க்க முடியாது. வெடிப்பு, கொப்புளம், நிறம் மாறிய இடம், நீர் கசிவு எது தெரிந்தாலும் மறுநாளே காட்டு. வருடத்துக்கு ஒரு தடவை கண்ணின் விழித்திரையையும் பார்க்கச் சொல்.

மாத்திரை விஷயத்தில் உன்னிடம் கண்டிப்பாகவே சொல்கிறேன். "இப்ப நார்மல் ஆயிடுச்சு, நிறுத்திட்டேன்" என்பார்கள். மாத்திரை சாப்பிடுவதால்தான் நார்மல். எஞ்சின் நன்றாக ஓடுகிறதே என்று யாராவது ஆயில் ஊற்றுவதை விடுவார்களா? அப்பாவிடம் இப்படிக் கேள், புரிந்துகொள்வார். சாராயம் குடிக்கிற அன்று மாத்திரை ஆகாது என்று விட்டுவிடுகிறவர்களும் உண்டு. அதை டாக்டரிடம் மறைக்காமல் கேட்கட்டும். கடலில் தங்கித் தொழிலுக்குப் போகிறவர் மாத்திரையை ஒரு மூடியுள்ள டப்பாவில் போட்டுச் சாப்பாட்டுத் தூக்கோடு எடுத்துப் போகட்டும்.

ஒன்று மட்டும் தள்ளிப் போட முடியாது. முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தூக்க முடியாமல் விழுந்தால், பேச்சு குழறினால், அது பக்கவாதம். அடைப்பைக் கரைக்கும் ஊசி போடுவதற்கு அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரம்தான் கெடு. நம் ஊரிலிருந்து சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்கே அதில் கணிசமான நேரம் போய்விடும். எண்ணெய் தேய்ப்பது, வாயில் எதையாவது ஊற்றுவது எல்லாம் வேண்டாம். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று பார்த்துக்கொண்டு உடனே 108க்கு அடி. நெஞ்சு அழுத்தி வியர்த்துக் கொட்டினால் அதை வாயு என்று நினைக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போ. 2023இல் வந்த 'இதயம் காப்போம்' திட்டத்தில் முதல் மருந்தை அங்கேயே கொடுத்து மேலே அனுப்புகிறார்கள்.

படகில் தூக்கம் வராமல் இருக்கப் புகையிலை அடக்குகிறவர்கள் மாதம் ஒரு தடவை கண்ணாடியில் வாயைத் திறந்து பார்க்கட்டும். இரண்டு மூன்று வாரத்தில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புப் படை, வாய் முழுசாகத் திறக்காமல் போவது, இவை காட்ட வேண்டியவை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளிப் பரிசோதனை. வெயில் கண்ணில் படப் பட விழிமேல் சதை வளர்வது நம் ஆட்களுக்குச் சாதாரணம், பார்வையை மறைப்பதற்குள் காட்டிவிட வேண்டும்.

அம்மாவைப் பற்றி இன்னும் ஒன்று. இதை நம் வீடுகளில் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை, அதனால் நான் சொல்கிறேன். முப்பது வயது தாண்டிய பெண்கள் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான சோதனை செய்துகொள்ள வேண்டும். தண்ணீர் கலந்த காடி போன்ற ஒரு திரவத்தைத் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெள்ளையாக மாறுகிறதா என்று செவிலியர் பார்ப்பார். சில நிமிட வேலை. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000 முதல் 2003 வரை பயிற்சி பெற்ற செவிலியர்கள் 31 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு இந்தச் சோதனையைச் செய்தார்கள். இந்த ஏற்பாடு இருந்த ஊர்களில், இல்லாத ஊர்களைவிட இந்தப் புற்றுநோயால் இறந்தவர்கள் 35 சதவீதம் குறைவு என்று 2007இல் உலகத்துக்கே தெரிந்தது. அங்கே இதைச் செய்தவர்கள் என்னைப் போன்ற செவிலியர்கள் என்பதில் எனக்கு இன்றைக்கும் பெருமை. அம்மா வெட்கப்படுவாள். பெண் செவிலியர்தான் பார்ப்பார், திரை போட்டிருக்கும் என்று சொல். அதே நாளில் மார்பகத்தையும் பார்த்துவிடுவார்கள்.

உன்னை விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. பள்ளியில் கொடுத்த நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைக் குமட்டுகிறது என்று எத்தனை பேர் ஜன்னல் வழியே எறிந்தீர்களோ! உனக்கு ஹீமோகுளோபின் 12க்குக் குறையக் கூடாது. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, மாதவிலக்கு அதிகமாகப் போகிறதா? சோதித்துப் பார். மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு சாப்பிடு, டீ மட்டும் அதோடு வேண்டாம், இரும்பை உடம்பில் சேர விடாது.

அடுத்து கடல் கொந்தளிக்கிற நாளில் அப்பாவையும் அம்மாவையும் ஒன்றாகக் கூட்டிப்போ. போவதற்கு முன்னால் தையல் டேப்பால் இருவரையும் அளந்து கணக்குப் போட்டுக்கொள். அப்பா வர மறுத்தால், "பெரியம்மா எண் கேட்டு எழுதியிருக்காங்க" என்று இந்தக் கடிதத்தையே காட்டு. உன் ஹீமோகுளோபினையும் சேர்த்து எல்லா எண்ணையும் எனக்கு எழுது.

அன்புடன்,
பெரியம்மா