உயிரும் தடயமும்

குற்றம் நிகழ்ந்த இடத்தில் ஒருவர் காயமுற்றுக் கிடக்கும்போது இரு கடமைகள் ஒருங்கே எழுகின்றன. ஒன்று, அவருடைய உயிரைக் காத்தல். மற்றொன்று, உண்மையை உணர்த்தும் தடயங்களைக் காத்தல். 108 ஊர்தியில் விரைந்துவரும் அவசர மருத்துவப் பணியாளர் இவ்விரண்டையும் கருத்தில் கொள்ளுதல் வேண்டும்.

இவற்றுள் முதன்மையானது உயிர் காத்தலே. காவல்துறையின் நடைமுறைகளுக்காகச் சிகிச்சையைத் தாமதிக்கலாகாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1989ஆம் ஆண்டு பரமானந்த் கட்டாரா வழக்கில் தெளிவாக உரைத்தது. எனினும், தாக்கியவர் அருகிலேயே மறைந்திருக்கக்கூடும். ஆதலால், அவ்விடம் பாதுகாப்பானது என உறுதியான பின்னரே பணியாளர் உள்ளே செல்லுதல் நன்று. காக்க வந்தவரே வீழ்ந்துவிட்டால் காயமுற்றவரைக் காப்பவர் யார்?

இரு பொருள்கள் ஒன்றையொன்று தொடும்போது ஒவ்வொன்றும் மற்றொன்றில் தன் சுவட்டை விட்டுச்செல்லும். இது பிரெஞ்சுத் தடய அறிவியலறிஞர் எட்மண்ட் லோக்கார்டு வகுத்த கொள்கை. இக்கொள்கை குற்றவாளிக்கு மட்டுமன்றி மருத்துவப் பணியாளருக்கும் பொருந்தும். எனவே, அவர் கையுறை அணிந்து, ஒரே வழியில் சென்று, அவ்வழியிலேயே திரும்ப வேண்டும். தேவையற்ற எப்பொருளையும் தொடலாகாது. சிகிச்சைக்காக ஏதேனும் ஒன்றை நகர்த்த நேர்ந்தால், அது முன்பு இருந்த இடத்தைக் காவலரிடம் கூற வேண்டும்.

ஆடையை வெட்டும்போது கத்தியோ குண்டோ துளைத்த பகுதியை விலக்கி வெட்டுதல் வேண்டும். குருதி தோய்ந்த ஆடையைக் காகிதப் பையில் இடுவதே முறை; நெகிழிப் பையில் ஈரம் தங்கிப் பூஞ்சை படரும். உடலில் பதிந்த கத்தியைப் பிடுங்கலாகாது. குருதிப்பெருக்கைத் தடுத்து நிறுத்துவது அக்கத்தியாகவே இருக்கலாம். இங்கு உயிருக்கு நலம் தரும் செயலே தடயத்தையும் காக்கிறது.

காயமுற்றவர் கூறும் சொற்களைத் திருத்தாமல், அவர் கூறியவாறே குறித்துக்கொள்ள வேண்டும். அவர் பிழைக்காவிடில், அச்சொற்கள் நீதிமன்றத்தில் மரண வாக்குமூலமாக ஏற்கப்படலாம். பேச இயலாது போனவருக்காக அக்குறிப்பே பேசும்.

சொற்பொருள்
தடயம் – குற்றத்தை அறிய உதவும் சான்று
குருதி – இரத்தம்
நெகிழி – பிளாஸ்டிக்

பிரித்து எழுதுக
கையுறை, அவ்விடம், தேவையற்ற

விடையளிக்க
1. உச்ச நீதிமன்றம் 1989இல் உரைத்தது யாது?
2. குருதி தோய்ந்த ஆடையை நெகிழிப் பையில் இடலாகாது. ஏன்?
3. உயிர் காத்தலும் தடயம் காத்தலும் ஒன்றுக்கொன்று முரணானவையா? பாடப்பகுதியிலிருந்து சான்று காட்டி ஐந்து தொடர்களில் எழுதுக.