இரக்கம் முந்திவரும்

தூத்துக்குடி
தவக்காலம், முதல் வாரம்

அன்பு மருமகனுக்கு,

மாமா எழுதுவது. இங்கே அத்தையும் பிள்ளைகளும் நலம். உன் அம்மாவுக்கு முழங்கால் வலிதான் விட்டபாடில்லை. மற்றபடி சுகமாக இருக்கிறாள். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை உனக்கு ஒத்துப்போனது கேட்டு எல்லாருக்கும் சந்தோஷம்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னது என் மனதை விட்டுப் போகவில்லை. "கோர்ட்டு கொடுத்த தண்டனையை முடிச்சிட்டேன் மாமா. ஆனா கோயில் வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்துடுறேன். குடிச்சிட்டு வண்டி ஓட்டி ஒரு உயிரை எடுத்தவனுக்கு நன்மை வாங்க என்ன யோக்கியதை இருக்கு?" என்று கேட்டாய். போனில் பதில் சொல்லியிருந்தால் அது வெறும் ஆறுதல் பேச்சாகப் போயிருக்கும். எழுதிக் கொடுத்தால் எடுத்து எடுத்துப் படிப்பாய் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

முதலில் ஒன்று. நீ செய்தது சின்னக் காரியம் இல்லை. இறந்துபோன அந்த மனிதரின் மனைவி இன்று காலை நேரங்களில் இட்லி வியாபாரம் செய்துதான் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறாள். எல்லாம் விதி, விபத்து என்று சொல்லி உன்னைத் தேற்ற எனக்கு மனம் வரவில்லை. நீயும் அப்படிச் சொல்லித் தப்பித்துக்கொள்ளவில்லை. ஆண்டவர் உனக்குள் வேலை தொடங்கிவிட்டார் என்பதற்கு அதுவே அடையாளம் என்று நம்புகிறேன். ஆனால் செய்த பாவத்தை ஒத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிடக் கூடாது. அதற்கு அப்பால் நடந்து போன ஒருவரைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும்.

புனித மரிய கொரற்றியை உனக்குத் தெரியும். கையில் லீலிப் பூவோடு நிற்கும் சிறுமியின் சொரூபத்தைப் பார்த்திருப்பாய். அந்தச் சிறுமியைக் கொன்றவனின் கதையைத்தான் நம்மில் பலர் முழுசாகக் கேட்டதில்லை. அவன் பெயர் அலெசாந்திரோ செரனெல்லி.

இத்தாலியில், ரோமுக்குத் தெற்கே நெத்தூனோவுக்குப் பக்கத்தில் அப்போது சதுப்பு நிலமும் கொசுவுமாகக் கிடந்த ஒரு பகுதி. பிழைப்புத் தேடி அங்கே வந்த மரியாவின் அப்பா 1900இல் மலேரியாவில் இறந்துபோனார். அம்மா அசுந்தா வயல் வேலைக்குப் போக, சமையலும் தம்பி தங்கைகளும் மரியாவின் பொறுப்பு. அதே வீட்டின் இன்னொரு பகுதியில் அலெசாந்திரோவும் அவன் அப்பாவும் குடியிருந்தார்கள். 1902 ஜூலை 5ஆம் தேதி அந்தப் பிள்ளை மாடிப்படி அருகே உட்கார்ந்து துணி தைத்துக்கொண்டிருந்தாள். கிழிந்திருந்த அந்தச் சட்டை அலெசாந்திரோவுடையது. அவளுக்கு 11 வயது, அவனுக்கு 20. அவளை உள்ளே இழுத்துப்போய்க் கெடுக்கப் பார்த்தான். இது பாவம் என்று சொல்லி அவள் இணங்க மறுத்தாள். அவன் 14 முறை குத்தினான். மறுநாள் நெத்தூனோ ஆஸ்பத்திரியில் அவள் உயிர் பிரிந்தது. அதற்கு முன்னால், அவனை மன்னித்துவிட்டதாகவும் மோட்சத்தில் அவன் தன்னோடு இருக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

அவனுக்கு 30 ஆண்டு சிறை. அன்றைய சட்டப்படி அவன் முழு வயதை எட்டாததால் ஆயுள் தண்டனை கொடுக்கவில்லை. சிறைக்குப் போன உடனே அவன் திருந்திவிடவில்லை. பல ஆண்டுகள் துளி மனவருத்தமும் இல்லாமல், யாரோடும் ஒட்டாமல், முரடனாகவே கிடந்தான். ஆயர் ஒருவர் சிறைக்கே போய் அவனைச் சந்தித்தார். ஒரு நாள் கனவில் மரியா வந்து தன் கையில் லீலிப் பூக்களைக் கொடுத்ததாக அவனே பின்னாளில் சொன்னான். அதற்குப் பிறகுதான் அவன் உள்ளம் உடைந்தது.

இதில் ஒன்றை நீ கவனிக்க வேண்டும். மரியா மன்னித்தது 1902 ஜூலை 6ஆம் தேதி. அவன் மனம் திரும்பியது பல ஆண்டுகள் கழித்து. அவன் கேட்கவும் இல்லை, அழவும் இல்லை. கைது ஆகி ஒரு நாள்கூட ஆகியிருக்காது. அதற்குள் மன்னிப்பு அவனுக்காக வந்து காத்திருந்தது. அவன் திருந்தியதால் இரக்கம் கிடைத்ததாக நினைக்காதே. இரக்கம் முந்திவந்தது, அதனால்தான் அவன் திருந்த முடிந்தது.

நம் வேதம் முழுக்க இதே வரிசைதான். சக்கேயுவின் வீட்டுக்கு வருகிறேன் என்று இயேசு சொன்னது முதலில். ஏமாற்றி வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்பித் தருகிறேன் என்று அவன் சொன்னது பிறகு. ஊதாரி மகன் சொல்ல நினைத்ததைச் சொல்லி முடிப்பதற்கு முன்பே தகப்பன் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார். நாம் பாவிகளாக இருந்தபோதே கிறிஸ்து நமக்காக உயிர் கொடுத்தார் என்று பவுலடியார் உரோமையருக்கு எழுதுகிறார். நீயோ யோக்கியதை வந்த பிறகு கோயிலுக்குள் போகலாம் என்று காத்திருக்கிறாய். அந்த யோக்கியதையைக் கொடுக்கிறவர் உள்ளே இருக்கிறார், மருமகனே. வாசலில் நின்றுகொண்டு அதைச் சம்பாதிக்க முடியாது.

அதே நேரம், கிருபை சிறைக் கதவைத் திறந்துவிடவில்லை என்பதையும் பார். மனம் மாறிய பிறகும் அலெசாந்திரோ நீண்ட காலம் உள்ளேதான் இருந்தான். நன்னடத்தைக்காக மூன்று ஆண்டு குறைத்து, 27 ஆண்டுகளுக்குப் பின் 1929இல் அவனை விடுதலை செய்தார்கள். வாலிபம் முழுவதும் கம்பிக்குப் பின்னால் கழிந்துபோயிருந்தது. செத்த பிள்ளை எழுந்து வரவில்லை. மன்னிப்புக் கிடைத்துவிட்டால் நடந்தது நடக்காததாக ஆகிவிடும் என்று எதிர்பார்க்கிறவர்கள் ஏமாந்துபோவார்கள். அப்படி எதிர்பார்த்து, அது நடக்காததால், எனக்கு மன்னிப்பே கிடைக்கவில்லை என்று முடிவுகட்டுகிறவர்களும் உண்டு. நீ இந்த இரண்டாவது வகையில் விழுந்துவிடாதே.

வெளியே வந்தவன் சில ஆண்டுகளுக்குப் பின் கொரினால்தோ என்னும் ஊருக்குப் போனான். மரியாவின் அம்மா அப்போது பங்குச் சாமியார் வீட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். கிறிஸ்து பிறப்பு விழாக் காலம். கதவைத் தட்டி, என்னைத் தெரிகிறதா என்று கேட்டான். அவளுக்குத் தெரிந்தது. மன்னிப்புக் கேட்டான். என் மகள் உன்னை மன்னித்தாள், கடவுளும் மன்னித்துவிட்டார், நான் எப்படி மன்னிக்காமல் இருப்பேன் என்ற பொருளில் அந்தத் தாய் பதில் சொன்னாள். பிறகு இருவரும் ஒன்றாகக் கோயிலுக்குப் போய் அருகருகே நின்று நற்கருணை வாங்கினார்கள். ஊரே பார்த்தது. அந்த அம்மா வாழ்க்கையில் எத்தனை இரவு அழுதிருப்பாள் என்று யோசித்துப் பார். கிருபை என்று நாம் பேசுவதெல்லாம் அன்று அந்த இரண்டு மனிதர்களுக்கு நடுவில் கண்ணால் பார்க்கும்படி வந்து நின்றது.

மீதி வாழ்க்கையை அலெசாந்திரோ கப்புச்சின் சபைத் துறவிகளின் மடத்தில் தோட்ட வேலை செய்து கழித்தான். மரியாவுக்குப் புனிதர் பட்டம் கொடுப்பதற்கான விசாரணையில், செய்ததை மறைக்காமல் அவனே சாட்சி சொன்னான். 1950இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் அவளைப் புனிதையாக அறிவித்தார். அம்மா அசுந்தா உயிரோடு இருந்து அதைப் பார்த்தாள். 1961இல், எண்பது வயதை நெருங்கும்போது, அலெசாந்திரோ ஒரு மரண சாசனம் எழுதி வைத்தான். இளவயதில் தான் படித்த கெட்ட புத்தகங்களையும் கெட்ட சகவாசத்தையும் அதில் சொல்கிறான். மரியாதான் தனக்கு வெளிச்சமாக இருந்தாள் என்கிறான். 1970 மே 6ஆம் தேதி மச்செராத்தா மடத்தில் இறந்தான்.

அரை நூற்றாண்டுக்கு மேலான பிறகும் தன் பாவத்தை அதன் பெயரைச் சொல்லியே அவனால் பேச முடிந்தது. பேசிய பிறகும் அவன் நொறுங்கிப் போகவில்லை. கிருபை ஒரு பாவியிடம் செய்கிற பெரிய வேலை இதுதான் என்று நான் நினைக்கிறேன். உண்மையை முழுசாகப் பார்க்கவும் வைக்கும், பார்த்தவனைத் தாங்கியும் பிடிக்கும்.

யூதாசையும் பேதுருவையும் நினைத்துக்கொள். இரண்டு பேரும் ஒரே இரவில் ஆண்டவரைக் கைவிட்டவர்கள். யூதாசும் மனம் வருந்தினான். 30 வெள்ளிக்காசைத் திருப்பி எறிந்தான். ஆனால் தன் வழக்கைத் தானே விசாரித்துத் தானே தீர்ப்பு எழுதிக்கொண்டான். பேதுரு மனம் கசந்து அழுதார், ஆனால் சீடர்களை விட்டுப் போகவில்லை. கடற்கரையில் இயேசு கூப்பிட்டபோது தண்ணீரில் குதித்து அவரிடம் போனார். உன்மேல் உனக்கு இருக்கிற கோபத்தைத் தாழ்மை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். ஆண்டவர் மன்னிக்கிறேன் என்று சொல்லும்போது, நான் ஏற்க மாட்டேன் என்று நிற்பது தாழ்மை ஆகாது.

இனி நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

வருகிற சனிக்கிழமை சாயங்காலம் கோயிலுக்குப் போ. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலிட்டு எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல். வாய் வராவிட்டால், ரொம்ப நாள் ஆயிற்று, எனக்கு உதவி செய்யுங்கள் என்று ஆரம்பி. மற்றதைச் சாமியார் பார்த்துக்கொள்வார். அவர் கொடுக்கிற அபராதத்தை நிறைவேற்று. மறுநாள் பூசையில் நன்மை வாங்கு. மனதுக்குள் பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லையே என்று தேடாதே. மன்னிப்பு ஆண்டவரின் வாக்கைப் பொறுத்தது; அன்றைக்கு உன் மனநிலை எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தது இல்லை.

அடுத்தது அந்தக் குடும்பம். மன்னிப்புக் கேட்பது உன் கடமை. மன்னிக்கச் சொல்லும் உரிமை உனக்கு இல்லை. அசுந்தா செய்ததை எந்தத் தாயிடமும் மனைவியிடமும் நாம் வற்புறுத்திக் கேட்க முடியாது. அது அவர்களாகக் கொடுக்க வேண்டியது. அதனால் திடீரென்று போய் அவர்கள் வாசலில் நிற்காதே. நம் பங்குச் சாமியாரிடம் சொல்லி, அந்த அம்மாவுக்குச் சம்மதமா என்று கேட்கச் சொல்வோம். சரி என்றால் நானும் உன்னோடு வருகிறேன். வேண்டாம் என்றால் அதையும் தலை வணங்கி ஏற்றுக்கொள். எப்படியானாலும், பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவுக்கு மாதாமாதம் உன் சம்பளத்தில் ஒரு பங்கை ஒதுக்கு. அந்த அம்மா அதை வாங்கிக்கொள்ளச் சம்மதித்தால் சாமியார் மூலமாகக் கொடுத்தனுப்பலாம். உன் பெயரை அதில் பெரிதுபடுத்தாதே.

மூன்றாவது, குடி. இனிமேல் தொட மாட்டேன் என்று நீ சொன்னதை நம்புகிறேன். ஆனாலும் தனியாக இருக்கிற ஊரில் சம்பள நாள் சாயங்காலம் கனமாக இருக்கும். குடியை விட்டவர்கள் சேர்ந்து நடத்தும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம் அங்கே எங்கே நடக்கிறது என்று விசாரித்துப் போய் உட்கார். ஆண்டவர் பெரும்பாலும் மனிதர்களைக் கொண்டுதான் நம்மைக் காப்பாற்றுகிறார். அலெசாந்திரோவுக்கும் ஓர் ஆயர், ஒரு தாய், ஒரு மடத்துத் துறவிகள் தேவைப்பட்டார்கள்.

சனிக்கிழமை போய் வந்ததும் எனக்குப் போன் போடு. என்ன சொன்னாய், சாமியார் என்ன கேட்டார் என்றெல்லாம் கேட்க மாட்டேன். அது உனக்கும் ஆண்டவருக்கும் நடுவில் உள்ளது. போனேன் மாமா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பாஸ்காவுக்கு லீவு கேட்டு ஊருக்கு வா. அம்மா எதிர்பார்த்திருப்பாள்.

ஆண்டவரும் மாதாவும் உன்னைக் காத்து நடத்தட்டும்.

இப்படிக்கு,
உன் மேல் பாசமுள்ள மாமா