நோயாளிகளுக்காக ஜெபிப்பது எப்படி?

வேதபாடம்: யாக்கோபு 5:13–18, மாற்கு 10:46–52, 2 இராஜாக்கள் 20:1–7



 நீங்கள் காணிக்கை அனுப்புகிறதோடு நில்லாமல், காஞ்சிபுரத்தில் நடைபெறும் இந்த மருத்துவ ஊழியத்தை ஜெபத்திலும் தாங்கி வருகிறீர்கள். அதற்காகத் தேவனை ஸ்தோத்திரிக்கிறோம். "நோயாளிகளுக்காக எதைச் சொல்லி ஜெபிப்பது? எப்படி ஜெபித்தால் பலன் உண்டு?" என்ற கேள்வி பலருக்கும் உண்டு. அதையே இந்த மாதத்துப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

ஜெபத்தின் பலன் நீளமான வார்த்தைகளில் இல்லை. பிதாவானவர் நம் தேவைகளை நாம் கேட்பதற்கு முன்பே அறிந்திருக்கிறார் என்று மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கற்பித்தார். அப்படியானால் நாம் கவனிக்க வேண்டியவை என்ன?

1. குறிப்பாகக் கேளுங்கள்

பர்திமேயு குருடன் என்பது எரிகோவில் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் ஆண்டவர் அவனை அருகில் அழைத்து, அவனுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். அவன் பொதுவாக இரக்கத்தை மட்டும் கேட்டு நிற்கவில்லை. பார்வை வேண்டும் என்றான்.

"எல்லா நோயாளிகளையும் ஆசீர்வதியும்" என்று ஜெபிப்பது தவறல்ல. ஆனால் அந்த வார்த்தை முடிவதற்குள் நம் மனம் வேறெங்கோ போய்விடுகிறது. எனவே ஒரு மனிதரைக் கண்முன் நிறுத்துங்கள். பட்டு நெசவாளர் குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு, முதுகை வளைத்து, மெல்லிய இழையைப் பார்த்தபடி நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கிறார். முதுகு வலி, மூட்டு வலி, கண் சோர்வு அவருக்குப் பழகிப்போனவை. நெய்த சேலைக்குத்தான் கூலி. படுத்திருக்கும் நாளுக்குக் கூலி இல்லை. ஆகவே வலி தீர வேண்டும் என்றும், நோய் முற்றுவதற்கு முன் வைத்தியரிடம் வரவேண்டும் என்றும், தறி நிற்கும் நாட்களில் அவர் வீட்டு அடுப்பு எரியவேண்டும் என்றும் கேளுங்கள். குறிப்பாகக் கேட்டவர்களுக்கே குறிப்பாக நன்றி சொல்லவும் தெரியும்.

2. இரகசியம் காத்து ஜெபியுங்கள்

நெசவாளர் தெருக்களில் வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டியிருக்கும். ஒரு வீட்டில் காசநோய் என்றால், அந்தச் செய்தி மாலைக்குள் தெருக்கோடிக்குப் போய்விடும். மகளுக்கு வரன் தட்டிப்போகுமே என்று பயந்து நோயை மறைக்கும் தாய்மார் உண்டு. மறைத்த நோய் முற்றுகிறது. வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் பரவுகிறது.

இதனால்தான் நாங்கள் அனுப்பும் ஜெபக் குறிப்புகளில் நோயாளிகளின் பெயரைச் சொல்வதில்லை. பெயர் தேவனுக்குத் தெரியும். உங்கள் சபைகளிலும் இதைக் கவனியுங்கள். ஒருவருடைய வியாதியை அவர் அனுமதியின்றி ஜெபக்கூட்டத்தில் அறிவித்தால், ஜெபக் குறிப்பு என்ற பெயரில் ஊர்ப்பேச்சுதான் பரவும். அறைவீட்டுக் கதவைப் பூட்டி ஜெபிக்கும்படி ஆண்டவர் சொன்னது நமக்கு நினைவிருக்கட்டும்.

கோயில் நகரமாகிய காஞ்சியில் நம்மிடம் வருகிறவர்களில் அநேகர் பிற சமயத்தார். அவர்கள் படுக்கையருகே ஜெபிக்குமுன் அனுமதி கேட்பது நம் கடமை. வேண்டாம் என்றால் மனதுக்குள் ஜெபிக்கலாம். மருந்தும் கவனிப்பும் எல்லாருக்கும் ஒன்றே.

3. மருந்தோடு சேர்த்து ஜெபியுங்கள்

எசேக்கியா ராஜா மரணத்துக்கு ஏதுவாக வியாதிப்பட்டபோது, சுவரை நோக்கித் திரும்பி அழுது ஜெபித்தான். கர்த்தர் அவன் விண்ணப்பத்தைக் கேட்டார். அதற்குப் பின் ஏசாயா தீர்க்கதரிசி சொன்னது என்ன? அத்திப்பழத்து அடையைக் கொண்டுவந்து கட்டியின்மேல் வைக்கச் சொன்னார். தேவன் விண்ணப்பத்தைக் கேட்ட பின்பும் மருந்து வேண்டியிருந்தது.

இதை நாம் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சாதாரணக் காசநோய்க்கே பொதுவாக ஆறு மாதம் மருந்து சாப்பிட வேண்டும். சில வாரங்களில் இருமல் குறைந்து பசி எடுக்கும். அப்போது, "ஜெபித்தோம், சுகமாகிவிட்டது" என்று மாத்திரையை நிறுத்துகிறவர்கள் உண்டு. கிருமி முழுவதும் சாகாமல் மருந்துக்கு அடங்காததாக மாறிவிட்டால், பின்பு குணமாக்குவது மிகவும் கடினம். இன்சுலின் போட்டுக்கொள்ளும் சர்க்கரை நோயாளி ஊசியைத் தானாக நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. ஆகவே யாரிடமும், "விசுவாசமிருந்தால் மருந்து எதற்கு?" என்று சொல்லாதிருங்கள். ஆறு மாதமும் தவறாமல் மாத்திரை சாப்பிடும் பொறுமைக்காக ஜெபியுங்கள்.

4. இணைந்து ஜெபியுங்கள்

காஞ்சிப் பட்டில் கோர்வை என்று ஒரு முறை உண்டு. சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் நெய்யும்போதே இழைக்கு இழை கோத்து இணைக்கிறார்கள். இதற்கு மூன்று நாடாக்கள் ஓடவேண்டும். தனி ஆளாக நெய்வது கடினம். பக்கத்தில் ஒரு துணை ஆள் உட்கார்ந்து நாடாவை வாங்கிக் கொடுக்கவேண்டும்.

ஜெபத்திலும் நமக்குத் துணை தேவை. இரண்டு பேர் ஒருமனப்பட்டுக் கேட்பதைக் குறித்து மத்தேயு 18-இல் ஆண்டவர் வாக்குத்தத்தம் கொடுத்தார். திமிர்வாதக்காரனை நாலு பேர் சுமந்து வந்தார்கள். கணவனும் மனைவியுமாக, அல்லது இரண்டு சிநேகிதராக, வாரம் ஒருமுறை பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். ஒருவர் சோர்ந்த நாளில் மற்றவர் தாங்குவார்.

5. ஜெபம் அனுப்பினால் புறப்படுங்கள்

ஐடா ஸ்கடர் அம்மையார் 1870-இல் இராணிப்பேட்டையில் பிறந்தவர். அமெரிக்காவில் படித்தவர், நோயுற்ற தாயாரைக் கவனிக்கத் திண்டிவனம் வந்திருந்தார். மிஷனெரியாக அவருக்கு மனமில்லை. ஒரே இரவில் ஒரு பிராமணர், ஓர் இஸ்லாமியர், இன்னொரு இந்து என மூவர் அடுத்தடுத்து வந்து, பிரசவத்தில் தவிக்கும் தங்கள் மனைவியைக் காப்பாற்றக் கேட்டார்கள். அவர் தகப்பனார் மருத்துவர். ஆனால் ஆண் மருத்துவர் பார்க்கக்கூடாது என்று மூவரும் திரும்பிவிட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

அந்த இரவு உறங்காமல் ஜெபித்த ஐடா, காலையில் மருத்துவம் படிக்கத் தீர்மானித்தார். 1900-இல் திரும்பிவந்து, வேலூரில் ஒரே ஒரு கட்டிலுடன் பெண்களுக்கு வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் தொடங்கியது. இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி அதிலிருந்து வளர்ந்ததே. அந்த ஜெபம் முதலில் மாற்றியது ஜெபித்தவரைத்தான். நாம் யாருக்காக ஜெபிக்கிறோமோ, அவர்களுக்கு நம்மால் செய்யக்கூடியது ஒன்று இருக்குமானால் அதைச் செய்ய ஆயத்தமாயிருப்போம்.

6. சுகம் கிடைக்காதபோதும் ஜெபியுங்கள்

பவுல் தன் சரீரத்திலிருந்த முள்ளுக்காக மூன்று தரம் வேண்டிக்கொண்டார். முள் நீங்கவில்லை, கிருபை கொடுக்கப்பட்டது. கெத்செமனேயில் நம் ஆண்டவரே பாத்திரம் நீங்கும்படி கேட்டு, பிதாவின் சித்தத்துக்குத் தம்மை ஒப்புக்கொடுத்தார். ஆகையால் ஊக்கமாய் ஜெபித்தும் ஒருவர் மரித்துப்போனால், "விசுவாசம் போதவில்லை" என்று அந்தக் குடும்பத்தாரைக் குத்தாதிருப்போம். ஏற்கெனவே உடைந்த இருதயத்தின்மேல் அது பாரமான கல். அவர்களோடு உட்கார்ந்து அழுவதும் ஜெபமே. அதற்குப் பின்வரும் மாதங்களில் அவர்களை மறவாமல் நினைப்பதும் ஜெபமே.

வாராந்திர ஜெபக் குறிப்புகள்

திங்கள்: புறநோயாளிகள், நோயை மறைக்காமல் வைத்தியரிடம் வர.
செவ்வாய்: கர்ப்பிணிகள், சிசுக்கள், பிரசவ அறைப் பணியாளர்கள்.
புதன்: நெடுநாள் மருந்து சாப்பிடும் காசநோய், சர்க்கரை நோயாளிகள்.
வியாழன்: இரவுப்பணி செய்யும் செவிலியர், துப்புரவுப் பணியாளர்கள்.
வெள்ளி: அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்போரும் மருத்துவர்களும்.
சனி: நெசவாளர் குடும்பங்களின் உடல்நலமும் பிழைப்பும்.
ஞாயிறு: துக்கத்திலிருக்கும் குடும்பங்கள், பதில் பெற்ற ஜெபங்களுக்காக ஸ்தோத்திரம்.

இந்தப் பக்கத்தைக் கத்தரித்து உங்கள் வேதாகமத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நாளொன்றுக்கு ஐந்து நிமிடம் போதும். நாங்களும் உங்கள் குடும்பங்களுக்காகவும் சபைகளுக்காகவும் ஜெபிக்கிறோம். விண்ணப்பங்களைக் கேட்கிற தேவன் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.