மாரி காலத்தில் முதியோரின் நடமாட்டம்

யாழ்ப்பாணத்தில் ஐப்பசி பிறந்தால் வானம் இருண்டுவிடும். வருடத்தில் கிடைக்கும் மழையின் பெரும்பங்கு ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரையான காலப்பகுதியிலேயே பெய்கின்றது. அது ஓய்ந்து வரும் மார்கழி, தை மாதங்களில் பனி தொடங்கும். மேல்நாட்டுக் குளிரோடு ஒப்பிட்டால் இது குளிரே அல்ல. ஆயினும் எழுபது வயதைக் கடந்தவர்களுக்கு இந்த நான்கு மாதங்களும் சோதனைக் காலமே ஆகும்.

ஆவணி மாதத் திருவிழாவில் சுவாமியோடு வெளிவீதி சுற்றி வந்த ஓர் அம்மையார், தைப்பூசத்தன்று கோயில் வாசற்படியில் ஏற இருவர் கைபிடிக்க வேண்டியிருக்கும். இடையில் நோய் எதுவும் வந்திராது. மழை, சேறு, பனி என்று மூன்று மாதம் விறாந்தைக் கதிரையில் இருந்தார், அவ்வளவுதான். இதனை வயதின் குற்றம் என்று எல்லோரும் சொல்லிவிடுகின்றனர். உண்மையில் அதிற் பெரும்பங்கு கதிரையின் குற்றமாகும்.

2007ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதனைத் தெளிவாக்குகின்றது. நலமாக இருந்த முதியோர் சிலர் 10 நாட்கள் படுக்கையிலேயே வைக்கப்பட்டனர். அந்தப் பத்து நாட்களில் அவர்களது கால்களிலிருந்து சராசரியாக ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவான தசை கரைந்துபோயிருந்தது. கதிரையில் இருப்பது படுக்கையில் கிடப்பது போலாகாது என்பது சரியே. எனினும் அங்கே பத்து நாட்கள். இங்கே நூறு நாட்கள். இளையோர் இழந்த தசையை விரைவில் மீட்டுக்கொள்வர். முதியோருக்கு அது எளிதன்று. ஒவ்வொரு மாரியும் சிறிது சிறிதாக எடுத்துக்கொண்டு போகின்றது.

இதில் பிள்ளைகளின் அன்புக்கும் பங்குண்டு. "அம்மா, நீங்கள் சும்மா இருங்கோ, நான் பாக்கிறன்" என்று கையிலுள்ள விளக்குமாற்றை மகள் வாங்கிவிடுகிறாள். "அப்பு, மழைக்குள்ள வெளிய போகாதேங்கோ" என்று பேரன் குடையை ஒளித்துவைக்கிறான். பாசத்தினால் செய்வதே. ஆனால் அரிசி புடைத்தல், கீரை ஆய்தல், பூமாலை கட்டுதல், விறாந்தை கூட்டுதல் என்பன வேலை மட்டுமல்ல, மருந்துமாகும். அவற்றைப் பறித்தெடுப்பது உதவியாகாது. பாரம் தூக்குவதையும் வழுக்கும் இடத்துக்குப் போவதையும் மட்டும் தடுத்தாற் போதும்.

65 வயதுக்கு மேற்பட்டோர் வாரத்தில் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உடலசைவில் ஈடுபட வேண்டும் என்றும், வாரத்தில் மூன்று நாட்களாவது சமநிலைக்கும் வலுவுக்குமான பயிற்சி செய்ய வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டல் கூறுகின்றது. 150 நிமிடம் என்றதும் மலைக்க வேண்டியதில்லை. வாரத்தில் ஐந்து நாட்கள், காலையில் 15 நிமிடம், மாலையில் 15 நிமிடம் என்றால் கணக்குச் சரி. மழை விடாது பெய்தாலும் விறாந்தை இருக்கின்றது. 20 அடி நீள விறாந்தையில் ஒருமுறை போய்வந்தால் 40 அடி. 50 தடவை போய்வந்தால் 2000 அடி, அதாவது 600 மீற்றருக்குச் சற்று மேல். எண்ணிக்கை தவறாமலிருக்கச் செபமாலையை உருட்டிக்கொண்டு நடக்கலாம்.

கால் வலுவுக்கு மிக எளிய பயிற்சி, கைகளை ஊன்றாமல் கதிரையிலிருந்து எழுந்து மீண்டும் மெதுவாக அமர்வதாகும். இயலாதவர் முதலில் ஊன்றியே தொடங்கலாம். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவதும் நல்லது. நெஞ்சுநோ, மூச்சிரைப்பு, தலைச்சுற்று வந்தால் உடனே நிறுத்தி வைத்தியரை நாட வேண்டும். நீரிழிவுக்கு மருந்தெடுப்பவர்கள் வெறுவயிற்றில் நடக்கலாகாது. கந்தசஷ்டி விரதம் பிடிக்க விரும்பும் நோயாளர்கள் முன்னதாகவே கிளினிக்கில் கேட்டு மருந்தின் அளவை ஒழுங்குசெய்துகொள்வது அவசியம். இதில் பலர் அசட்டையாக இருக்கின்றனர்.

விழுதலே முதியோருக்குப் பேராபத்து. தொடையெலும்பு முறிந்து படுத்தவர்களில் பலர் முன்போல் எழுந்து நடப்பதில்லை. மாரியில் கிணற்றடியும் மலசலகூடப் பாதையும் பாசி பிடிக்கும். வாரம் ஒருமுறை தும்புத்தடியால் உரஞ்சிக் கழுவுவது பிள்ளைகளின் பொறுப்பு. மழைக்குள் வெளியே போகவேண்டும் என்ற பயத்தினால் முதியோர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுவதுண்டு. இதனை அவர்கள் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். பாதையில் ஒரு மின்குமிழும் பிடித்து நடக்க ஒரு கயிறும் இருந்தால் அந்தப் பயம் பாதி குறையும். காலில் புண்ணுள்ளவர்கள் வெள்ளத்தில் வெறுங்காலுடன் இறங்கலாகாது. 2024 டிசெம்பரில் குடாநாட்டில் எலிக்காய்ச்சல் பரவி உயிரிழப்புகள் நேர்ந்ததை மறந்துவிட முடியாது.

முன்னோர் வகுத்த விரதங்களைப் பார்த்தால் ஓர் ஒழுங்கு புலப்படும். ஐப்பசியில் கந்தசஷ்டி 6 நாட்கள், கார்த்திகையில் தொடங்கும் பிள்ளையார் பெருங்கதை 21 நாட்கள், மார்கழியில் திருவெம்பாவை 10 நாட்கள். வீட்டுக்குள் முடங்கும் காலத்திலேயே கோயிலுக்கு அழைப்பும் கூடுதலாக உள்ளது. நடை, வீதிவலம், நிலத்தில் விழுந்து எழுந்து வணங்குதல், நாலு பேரோடு பேச்சு ஆகிய எல்லாம் அதில் அடங்கிவிடுகின்றன. 81 வயது வரை வாழ்ந்தவராகக் கொள்ளப்படும் திருநாவுக்கரசு நாயனார் முதிர்ந்த வயதிலும் உழவாரப்படையைக் கீழே வைத்தவரல்லர்.

ஆனால் திருவெம்பாவைப் பூசைக்கு விடியப்புறம் பனிக்குள் எல்லோரும் வரவேண்டும் என்பதில்லை. குளிரில் இரத்தக்குழாய்கள் சுருங்குவதால் குருதியமுக்கம் உயரும். இருதய நோயுள்ளவர்கள் கிணற்றின் குளிர்நீரில் தோய்ந்துவிட்டு ஓடிவருவது தகாது. சுடுநீரில் உடல் கழுவி, தலைக்கும் காதுக்கும் துணி கட்டி, வெயில் ஏறியபின் வரலாம். மத்தியானப் பூசைக்கு வந்தவரைப் பிள்ளையார் வரவுப் பதிவேட்டில் சிவப்பு மையால் குறிப்பதில்லை.

கனடாவிலுள்ள பிள்ளைகளிடம் சென்றிருக்கும் முதியோருக்கு இப்பிரச்சினை பலமடங்கு. தை மாதத்தில் அங்கே வீதியெல்லாம் பனிக்கட்டி. அதனாற் பலர் காலைவேளையில் பெரிய கடைத்தொகுதிகளுக்குள் நடைபயில்கின்றனர். அங்கும் கொண்டுபோய்விட ஒருவர் வேண்டும்.

ஊரிலும் தேவைப்படுவது அதுவே. அயலில் உள்ள இளைஞர் ஒருவர் குடையும் டோர்ச் லைற்றுமாக இரண்டு முதியவர்களை அழைத்து வரலாம். கோயில்களின் பங்கிற்கு வாசற்படியில் ஒரு கைப்பிடி, ஈரக்கால் துடைக்கச் சாக்கு, மண்டபத்தில் சில கதிரைகள், இவை கந்தசஷ்டிக்கு முன்னரே ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.