மாடலிங்: முதல் படியில் கால் வைக்கும் முன்...



நம் கல்லூரியில் "மாடல்" என்று சொன்னாலே எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கும். நமக்குத் தெரிந்த ஒரே மாடல், மாடல் எக்ஸாம்தான்! பயப்படாதீர்கள், நான் எழுதப் போவது அதைப் பற்றி அல்ல. ஜவுளிக்கடை விளம்பரத்தில் வேட்டி சட்டையோடு சிரித்துக்கொண்டு நிற்கிறார்களே, வாட்ச் கட்டிய கையைக் காட்டுகிறார்களே, மேடையில் நடந்து வருகிறார்களே, அந்த மாடலிங் தொழிலைப் பற்றி.

"இதை எழுத உனக்கு என்னடா தகுதி?" என்று ஹாஸ்டலில் இப்போதே கேட்கிறார்கள். இரண்டு தகுதி உண்டு. ஒன்று, இந்த ஆசையில் 12,500 ரூபாய் கட்டி ஏமாந்தவன் நான். இரண்டு, அதற்குப் பிறகு ஒரே ஒரு நாள் உண்மையான வேலை செய்து சம்பளம் வாங்கியவனும் நான். இந்த இரண்டுக்கும் நடுவில் கற்றுக்கொண்டதைத்தான் பாடமாக எழுதுகிறேன்.

நமக்கு இது தேவையா?

தேவையா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. இந்தியாவின் பிரபல ஆண் மாடலான மிலிந்த் சோமன் மும்பையில் எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் டிப்ளமோ படித்தவர். ஆமாம், நம்மைப் போல டிப்ளமோதான்! தேசிய அளவில் நீச்சல் வீரராகவும் இருந்தார். 1995-ல் அலிஷா சினாயின் "மேட் இன் இந்தியா" பாட்டு வீடியோவில் வந்த பிறகு நாடே அவரைத் தெரிந்துகொண்டது. 2015-ல், ஐம்பது வயதை நெருங்கும்போது, ஜூரிச்சில் அயர்ன்மேன் போட்டியை முடித்தார். 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42 கிலோமீட்டர் ஓட்டம், எல்லாம் ஒரே நாளில்! முகத்தை மட்டும் நம்பியவருக்கு இது முடியுமா?

நான் ஏமாந்த கதை

நாலாவது செமஸ்டர் லீவில் செல்போனில் ஒரு விளம்பரம் பார்த்தேன். "புதுமுக மாடல்கள் உடனடித் தேவை. அனுபவம் தேவையில்லை." நான் கொஞ்சம் உயரம். "நீ மாடலா போலாம்டா" என்று கூட இருப்பவன்கள் ஏற்றிவிட்டது வேறு. சென்னைக்கு பஸ் ஏறிவிட்டேன்.

ஒரு மாடிப்படி ஏறி, ஏ.சி. ரூமில் உட்கார்ந்தேன். என்னைப் பார்த்ததும் "சூப்பர் ஃபேஸ், தம்பி" என்றார் அங்கிருந்தவர். பதிவுக் கட்டணம் 500, போர்ட்ஃபோலியோ ஆல்பம் 12,000. "இன்னைக்கே கட்டினா அடுத்த வாரமே ஷூட்." செமஸ்டர் பீஸுக்காக அம்மா சீட்டு எடுத்துக் கொடுத்திருந்த பணம் என் அக்கவுண்டில் இருந்தது. கட்டிவிட்டேன்.

முகத்தில் அரை இஞ்ச் மேக்கப் போட்டு, கண்ணாடி மாட்டி, வாடகை பைக்கில் சாய வைத்து 24 போட்டோ எடுத்தார்கள். ஆல்பம் வந்தது. வேலை வரவில்லை. மூன்றாவது மாதம் அந்த போன் நம்பரே ஸ்விட்ச் ஆஃப்.

அம்மாவிடம் சொல்ல ஒரு வாரம் ஆனது. திட்டுவார் என்று நினைத்தேன். "பணம் போனா போகுது, ஏன் ஒரு வாரமா சாப்பிடாம இருந்த?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

அந்த ஆல்பத்தை எங்கள் ஊரில் கல்யாண போட்டோ எடுக்கும் ஸ்டுடியோ அண்ணனிடம் காட்டினேன். புரட்டிப் பார்த்தார். "தம்பி, இதுல மேக்கப் இருக்கு, பைக் இருக்கு. நீ எங்கடா இருக்க?" என்றார். என் உண்மையான மாடலிங் வகுப்பு அந்த நிமிஷம்தான் ஆரம்பமானது.

பாடம் 1: எத்தனை வகை?

மாடலிங் என்றால் மேடையில் நடப்பது மட்டும் அல்ல.

ராம்ப்: பேஷன் ஷோவில் நடப்பது. உயரம் முக்கியம். பெண்கள் 5 அடி 8 அங்குலத்துக்கு மேல், ஆண்கள் 6 அடி என்று பொதுவாக எதிர்பார்ப்பார்கள்.

கேட்லாக்: வேட்டி, சட்டை, சேலை, சுடிதார் போன்றவற்றை அணிந்து போட்டோவுக்கு நிற்பது. ஆன்லைனில் துணி விற்கும் கம்பெனிகள் வந்த பிறகு இதில் வேலை அதிகம்.

விளம்பரம்: அப்பா, அம்மா, மாமியார், மளிகைக்கடைக்காரர் என்று எந்த முகத்துக்கும் இடம் உண்டு. உயரம் பார்ப்பது குறைவு.

உறுப்பு மாடல்: வளையல், வாட்ச், செருப்புக்குக் கை, கால் மட்டும். (வொர்க்ஷாப்பில் ஃபைலிங் போட்ட நம் கைக்கு இந்த வாய்ப்பு கிடையாது!)

ஃபிட் மாடல்: தைத்த சாம்பிள் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்க அணிந்து காட்டுபவர். இவருக்கு முகம் தேவையில்லை, அளவுதான் தேவை.

ராம்ப் மாடலுக்கு ஏன் அவ்வளவு உயரக் கட்டுப்பாடு? மெக்கானிக்கல் மாணவர்களுக்கு உடனே புரியும். லிமிட்ஸ் அண்டு ஃபிட்ஸில் ஹோல் பேசிஸ் சிஸ்டம் படித்தோம் அல்லவா? ஹோல் அளவு மாறாது. ஷாஃப்ட்டைத்தான் அதற்கேற்ப எடுக்க வேண்டும். இங்கேயும் அதே கதை. மாடலைத் தேர்ந்தெடுக்கும் முன்பே உடையை ஒரே அளவில் தைத்து முடித்துவிடுகிறார்கள். உடை ஹோல், நாம் ஷாஃப்ட்! "உன் அளவு பொருந்தவில்லை" என்றால் அது நம் முகத்துக்குக் கொடுத்த மார்க் அல்ல. இது தெரியாமல் எத்தனையோ பேர் மனசு ஒடிந்து போகிறார்கள்.

பாடம் 2: முதல் போட்டோவுக்குப் பணம் வேண்டாம்

ஏஜென்சிகள் முதலில் கேட்பது ஆடம்பர ஆல்பம் அல்ல, "டிஜிட்டல்ஸ்" எனப்படும் சாதா போட்டோக்கள்தான். ஸ்டுடியோ அண்ணன் எனக்கு இலவசமாக எடுத்துக் கொடுத்த முறை இது:

வெள்ளைச் சுவர், ஜன்னல் வழியே பகல் வெளிச்சம். மேக்கப் கூடாது, ஃபில்டர் கூடாது, கண்ணாடி கூடாது. உடம்பை ஒட்டிய சாதா டி-ஷர்ட், ஜீன்ஸ். முகம் நேராக, இடப்பக்கம், வலப்பக்கம், சிரித்தபடி ஒன்று, முழு உருவம் முன்னால், பக்கவாட்டில், பின்னால், கைகள் ஒன்று. ஆக 8 போட்டோ போதும்.

செல்போனை முகத்துக்குப் பக்கத்தில் வைத்து எடுக்காதீர்கள். காரணம் நம் டிராயிங் பாடத்தில் வரும் பெர்ஸ்பெக்டிவ்தான். லென்ஸிலிருந்து மூக்கு 50 செ.மீ., காது 62 செ.மீ. தூரம் என்று வையுங்கள். மூக்கு, காதைவிட 24 சதவீதம் பெரிய அளவில் விழும்! மூன்று மீட்டர் தள்ளி நின்று ஜூம் செய்தால் அதே வித்தியாசம் 4 சதவீதம்தான். முழு உருவத்துக்கு கேமரா இடுப்பு உயரத்தில் இருக்கட்டும். மேலிருந்து எடுத்தால் கால் குட்டையாகிவிடும்.

கூடவே அளவுகள்: செருப்பில்லாமல் உயரம், மார்பு, இடுப்பு, ஷூ சைஸ். உண்மையை எழுதுங்கள். 175 செ.மீ. இருப்பவன் 180 என்று எழுதினால் அங்கே போனதும் டேப்பை எடுத்துவிடுவார்கள். இந்தத் தொழிலில் டாலரன்ஸ் கிடையாது!

பாடம் 3: பணம் எந்தப் பக்கம் போகிறது?

இதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். உண்மையான ஏஜென்சி, நமக்கு வரும் சம்பளத்திலிருந்து கமிஷன் எடுக்கும். போலி ஏஜென்சி, நம் பாக்கெட்டிலிருந்து எடுக்கும். முதல் ஆளுக்கு நமக்கு வேலை கிடைத்தால்தான் வருமானம். இரண்டாவது ஆளுக்கு நாம் கட்டியதோடு வேலை முடிந்தது.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் 2024 டிசம்பரில் கையெழுத்தாகி 2025 ஜூனில் அமலுக்கு வந்த சட்டம் இதைத்தான் சொல்கிறது. அங்கே ஏஜென்சி மாடலிடம் சேர்க்கைக் கட்டணம் வாங்கக் கூடாது; கமிஷன் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உலகத்துக்கே பேஷன் காட்டும் ஊரிலேயே சட்டம் போட வேண்டியிருக்கிறது என்றால் ஏமாற்று எவ்வளவு பரவியிருக்கும், யோசியுங்கள்.

சம்பளம் வரும்போது "டி.டி.எஸ்." என்று 10 சதவீதம் பிடிக்கலாம். பான் கார்டு எடுத்து வையுங்கள். நம் வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால் ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம். பணத்தைக் கட்டி ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு போன் செய்யுங்கள். ஆன்லைனில் பணம் பறிபோனவர்களுக்கான உதவி எண் அது. நான் வெட்கப்பட்டு மூன்று மாதம் சும்மா இருந்தேன். அதுதான் என் பெரிய தப்பு.

பாடம் 4: கையெழுத்து போடும் முன்

பத்தாவது முடித்து நேரே இங்கே வந்த முதலாண்டுத் தம்பி, தங்கைகளே, உங்களில் பலருக்கு 18 வயது ஆகவில்லை. 1872-ம் வருஷ இந்திய ஒப்பந்தச் சட்டப்படி நீங்கள் போடும் ஒப்பந்தம் செல்லாது என்று 1903-லேயே பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஒழுங்கான கம்பெனி உங்கள் அப்பா அம்மாவைத்தான் கூப்பிடும். 16 வயதுப் பையனிடம் "இங்க சைன் பண்ணு" என்று பேப்பரை நீட்டுகிறவர் எப்படிப்பட்டவர் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஒப்பந்தத்தில் மூன்று விஷயம் பாருங்கள். போட்டோவை எதில் போடுவார்கள்? எந்த ஊர்களில்? எத்தனை மாதம்? ஒரு கடை நோட்டீசில் வருவதும், இரண்டு வருஷம் மாநிலம் முழுக்க பேனரில் தொங்குவதும் ஒன்றல்ல. சம்பளமும் ஒன்றாக இருக்கக் கூடாது.

நாலாவதாக இப்போது ஒன்று சேர்ந்திருக்கிறது. நம் உருவத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, நாம் போகாமலேயே புதுப்புது படம் உண்டாக்கலாம். 2025-ல் ஸ்வீடனின் எச் அண்டு எம் நிறுவனம் 30 மாடல்களின் டிஜிட்டல் உருவங்களை அவர்கள் சம்மதத்தோடு தயாரிப்பதாக அறிவித்தது. "எந்த வடிவத்திலும், என்றென்றைக்கும்" என்று ஒரு வரி இருந்தால் கையெழுத்துக்கு முன் விளக்கம் கேளுங்கள்.

பாடம் 5: உடம்பும் நிறமும்

மெலிய வேண்டும் என்று பட்டினி கிடக்காதீர்கள். 2006-ல் உருகுவே நாட்டின் லூயிசெல் ராமோஸ், பிரேசிலின் அனா கரோலினா ரெஸ்டன் என்ற இரண்டு இளம் மாடல்கள் உணவு ஒதுக்கியே உயிரிழந்தார்கள். அதே ஆண்டு மாட்ரிட் பேஷன் ஷோவில் பி.எம்.ஐ. 18-க்குக் கீழே இருந்தால் மேடை ஏறக் கூடாது என்றார்கள். 2012-ல் இஸ்ரேல் 18.5 என்று சட்டமே போட்டது. கணக்கு சுலபம்: எடையை (கிலோ) உயரத்தின் (மீட்டர்) இருமடியால் வகுக்க வேண்டும். 175 செ.மீ. உயரமுள்ளவர் 56.7 கிலோவுக்குக் கீழே போனால் 18.5-க்குக் கீழே போகிறார் என்று அர்த்தம்.

அடுத்து நிறம். நம்மில் பாதிப் பேர் "நான் கருப்பு" என்று சொல்லியே ஒதுங்குகிறோம். நிறத்தைக் காட்டி ஒருவரைத் தாழ்த்தும் விளம்பரம் கூடாது என்று 2014-ல் இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் விதி வகுத்தது. "கருப்பே அழகு" என்ற கருத்தோடு 2009-ல் ஓர் இயக்கம் தொடங்கியதே நம் சென்னையில்தான். எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் வாசல் திறந்திருக்கிறது. கிரீமுக்குக் கொடுக்கும் காசை முட்டைக்கும் வாழைப்பழத்துக்கும் கொடுங்கள்.

சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை

ஷூட்டிங்குக்குத் தனியாகப் போகாதீர்கள். "கூட யாரும் வரக் கூடாது" என்றால் நீங்களும் போக வேண்டாம். லாட்ஜ் ரூமில் டெஸ்ட் கிடையாது. முகம் தெரியாதவருக்கு அவர் கேட்கும் உடையில் போட்டோ அனுப்பாதீர்கள். தொல்லை என்றால் 181-க்கு போன் செய்யலாம். வீட்டில் மறைத்துச் செய்ய வேண்டிய வேலை எதுவும் நல்ல வேலை இல்லை.

என் ஒரு நாள் வேலை

அந்த 8 போட்டோவை ஈரோட்டுப் பக்கம் உள்ள சில வேட்டி சட்டை வியாபாரிகளுக்கு அனுப்பினேன். ஐந்து பேரில் ஒருவர் கூப்பிட்டார். காலை ஏழு மணிக்கு ஆரம்பம். 46 சட்டை மாற்றினேன். ஒவ்வொன்றுக்கும் பட்டன், காலர், மடிப்பு, நேராக, பக்கவாட்டில், சிரிப்பு. முப்பதாவது சட்டைக்கு மேல் சிரிப்பு வரவில்லை, கன்னம்தான் வலித்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு முடிந்தது. சம்பளம் 3,000. அறிமுகம் செய்தவர் கமிஷன் 600. கைக்கு வந்தது 2,400. வீட்டுக்குப் போய் அம்மா கையில் கொடுத்தேன். எண்ணிப் பார்த்துவிட்டு, "இது சீட்டுக்கு முதல் தவணை" என்று சிரித்தார்.

இரண்டாவது வேலைக்கும் கூப்பிட்டார்கள். அன்றைக்கு மாடல் எக்ஸாம்! போகவில்லை. அட்டெண்டன்ஸ் போனால் ஹால் டிக்கெட் இல்லை, அரியர் விழுந்தால் கேம்பஸ் இன்டர்வியூ இல்லை. மாடலிங்கில் மாதா மாதம் சம்பளம் கிடையாது. இரண்டு வேலைக்கு நடுவில் சோறு போட டிப்ளமோதான் வேண்டும். அந்த மாடலை எழுதி முடித்துவிட்டுத்தான் இந்த மாடல்.

நண்பர்களே! கணக்குப் பார்த்தால் நான் இன்னும் 10,100 ரூபாய் நஷ்டத்தில்தான் இருக்கிறேன், பஸ் செலவைச் சேர்க்காமல். ஆழம் தெரியாமல் காலை விட்டதற்கு நான் கட்டிய பீஸ் அது. அந்த பீஸை உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே நான் கட்டிவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஆசை இருப்பவர்கள் நாளைக்கே ஒரு வெள்ளைச் சுவரைத் தேடுங்கள். போட்டோ எடுக்க ஆள் இல்லையென்றால் மெக்கானிக்கல் பிளாக் பக்கம் வாருங்கள், நான் எடுத்துத் தருகிறேன். கட்டணம்: கேன்டீனில் ஒரு டீ!

வாழ்த்துக்களுடன்,
மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவன்